டிக்கியில் ஒட்டிக்கொண்ட பெட்டி

அத்தியாயம் பதினொன்று

மாப்பிள்ளை வந்தால் மாமியாருக்கு மனசு குளிரவேண்டும் என்பார்கள். ராசாத்தாளுக்கு மண்டைதான் இடித்தது.

வந்தவர் வந்த காரியத்தைப் பார்க்க வேண்டாமா? வெள்ளகோவிலில் கோழி கூப்பிடக் கிளம்பிப் பீளமேடு வந்து சேர்ந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றதற்கு "வந்தனுங்க அத்தை" என்று ஒரே ஒரு வார்த்தை. உடனே அந்த வெள்ளை எஸ்டீம் காரை வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் பின்பக்கமாக நுழைத்துவிட்டார். காப்பி அங்கேயே. பலகாரமும் அங்கேயே. வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை.

இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மூன்றிலும் இதே கூத்துதான்.

உள்ளே கட்டின பெண்டாட்டி இருக்கிறாள். புவனா அம்மா வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசியும் மூன்று மாதம் ஆகிறது. அவளைக் கூட்டிப்போகத்தான் அருள்குமார் வருகிறார் என்பது வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும், வாசலில் படுத்திருக்கும் நாய் உள்பட. ஆனால் அதை வாயால் சொல்ல அவருக்கு ரோசம் விடவில்லை. அதற்கு ஒரு சாக்குத் தேடி மச்சினனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"கிருபா, காருக்கு ஊஃபர் பொட்டி ஒண்ணு செய்யலாம்னு சொன்னயல்ல? செஞ்சுபோடலாமா?"

இப்படிக் கேட்டால் கிருபாசங்கர் விடுவானா? இஞ்சினீயரிங் முடித்துவிட்டு, அப்பாவின் பம்ப்செட் பட்டறைக்கும் போகாமல், பாட்டுப் பெட்டியைக் கழற்றி மாட்டுவதே பிழைப்பாக வைத்திருக்கும் பிள்ளை. குரங்குக்குக் கள்ளு ஊற்றின கதை ஆகிப்போனது.

ஊஃபர் என்பது பெரிய ஸ்பீக்கர். பாட்டில் வரும் மத்தளச் சத்தத்தை அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி கேட்கவைக்குமாம். காந்திபுரத்தில் அமீர் ஹம்சா கடையில் வாங்கியது, சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. அதற்குப் பலகையில் ஒரு சதுரப் பெட்டி அடித்து டிக்கியில் வைத்தால் ஆகாதா என்று ராசாத்தாள் கேட்டதற்கு மச்சானும் மச்சினனும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். டிக்கியின் இடது மூலை எப்படி வளைந்து நெளிந்து போகிறதோ, அதே வளைவுக்கு ஃபைபரில் வார்க்கவேண்டுமாம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கிருபா படம் பார்த்துவிட்டான்.

"அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்ட உக்காரும்மா. துளி எடம் வீணாகாது."

"உங்கக்கா வாழ்க்க வீணாகுது, அத முதல்ல பாரு" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வார்த்தார்கள். டிக்கி மூலை முழுவதும் டேப் ஒட்டி, டேப்பின் மேல் மெழுகு பூசி, அதன் மேல் கண்ணாடி நார்ப் பாயை வைத்து, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த ரெசின் பசையைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்தார்கள். காய்ந்ததும் உருவினார்கள். வந்தது. ஆனால் வரும்போதே அப்பளம் மாதிரி நடுவில் விரிந்தது. இரண்டு பாய் போதாதாம், நான்கு வேண்டுமாம். ஆகவே இன்றைக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இன்றைக்கென்று பார்த்தா என்றுதான் ராசாத்தாளுக்கு ஆற்றாமை. இன்றோடு ஆனி முடிகிறது. நாளைக்கு ஆடி ஒன்று. ஆடியில் எவரும் பெண்ணைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடமாட்டார்கள். இன்றைக்கு விட்டால் ஆவணிதான். இப்போதே சொந்தபந்தம், ஒறம்பரைச் சனம் எல்லாம் காதோடு காதாகப் பேசுகிறது. இன்னும் ஒரு மாதம் போனால், தீர்த்துக்கொண்டு வேறு பெண் பார்க்கும் பேச்சை முகத்துக்கு நேராகவே பேச ஆரம்பித்துவிடும். வெள்ளகோவில் பக்கம் ஒரு பெரியம்மா, "பையனுக்கு என்ன வயசாயிப்போச்சு" என்று இழுத்தாளாம். அந்தச் செய்தியும் பீளமேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதுவும் நாலரைக்குள் கிளம்பியாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அது முடிந்தால் விளக்கு வைக்கிற நேரம், பெண்ணை அனுப்பக் கூடாது.

வீட்டுக்காரர் செங்கோடன் ஊரில் இருந்தாலாவது, மாமனார் என்ற முறையில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார். அந்த மனிதர் விடிகாலையிலேயே சத்தியமங்கலத்தில் பங்காளி வீட்டுக் கெடாவெட்டு என்று பஸ் ஏறிவிட்டார். "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா?" என்று ராசாத்தாள் கேட்டாள். கேட்கும்போதும் ங்க போட்டுத்தான் கேட்டாள். கட்டின நாளிலிருந்து அவரை அவள் எத்தனையோ திட்டியிருக்கிறாள். ங்க இல்லாமல் திட்டியதில்லை.

அந்த ங்கதான் இந்த வீட்டை இப்போது ஆட்டிவைக்கிறது.

சித்திரையில் வெள்ளகோவில் வீட்டில் விருந்து. கூடம் நிறைய ஒறம்பரை. புவனா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தபோது, அவள் மாமியார் வள்ளியாத்தாள் எல்லோரும் கேட்கச் சொன்னாளாம். "கலியாணமாகி நாலு வருசமாச்சு. தொட்டில் கட்டற விட்டம் ஒட்டடை புடிச்சுக் கெடக்குது. என்னத்தப் பண்ண."

புவனா புருஷனைப் பார்த்தாள். அருள்குமார் தலையைக் குனிந்தபடி ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீ என்ன கல்லா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு" என்றாள் புவனா.

அவ்வளவுதான். வள்ளியாத்தாள் சொன்னது அந்த நிமிஷமே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. நீ என்றாளே, சொல்லு என்றாளே, ஒறம்பரைக்கு நடுவில் கட்டின புருஷனைச் சொன்னாளே என்பதுதான் பேச்சு. அந்த வீட்டில் கன்றுக்குட்டியைக்கூட "அக்கட்ட போங்க" என்றுதான் விரட்டுவார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். புவனா பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வாய் தவறிவிட்டது, போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று ராசாத்தாளும் மகளிடம் சொல்லிப் பார்த்தாள். "வாய் தவறலைம்மா" என்றாள் மகள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றையும் கறக்க முடியவில்லை.

இன்றைக்குக் காலையில் இரண்டாவது காப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது, அருள்குமார் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து எதையோ தடவிக்கொண்டிருந்தார். வாசனை மூக்குக்குப் பழக்கமானது.

"என்னங்க மாப்பிள்ளை, காருக்கு எண்ணெ தேச்சு விடறீங்களா?"

"மெழுகு தீந்துபோச்சும்மா. ஞாயித்துக்கெழம கடை கெடையாது" என்றான் கிருபா. "டேப்பு மேல மெழுகு பூசுனாத்தான் ஃபைபர் ஒட்டாம வரும். மச்சான் தேங்காயெண்ணெ போதும்ங்கறாரு. எனக்கென்னமோ ரோசனையாத்தான் இருக்குது."

அருள்குமார் நிமிர்ந்தார். அவருடையது எண்ணெய் ஆலை. எண்ணெயைப் பற்றி யாராவது ரோசனை என்று சொன்னால் ஊமைக்கும் வாய் வந்துவிடும்.

"நம்ம எண்ணெ தடவுன எடத்துல எதுவும் ஒட்டாதுங்க அத்தை. பலாப்பழம் அறுக்கறப்பக் கையில தடவிக்கறமல்லங்க? பால் ஒட்டுதுங்களா?"

மூன்று வாரத்தில் அவர் பேசின நீளமான பேச்சு இதுதான். ராசாத்தாளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர்கள் பக்கம் தேங்காயெண்ணெய்க்கு ஆகாத காரியமே கிடையாது. தலைவலிக்கு அது, கதவுக் கீலுக்கு அது, மாட்டுக் கொம்புக்கும் அதுதான். மாப்பிள்ளையும் தாராளமாகவே தடவினார்.

"மாப்பிள்ளை, நாலரைக்குள்ள..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"பாக்கலாமுங்க அத்தை."

இந்தப் பாக்கலாமுங்க என்பதற்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பது கொங்கு நாட்டில் எவருக்கும் இதுவரை விளங்கியதில்லை.

அடுப்படியில் புவனா கோழிக்கு மிளகு வறுத்துக்கொண்டிருந்தாள். ரெசின் வாடை ஜன்னல் வழியாக வந்து மிளகு வாசனையோடு கலந்து அடித்தது.

"பொட்டி கட்டி வெச்சுட்டேன் கண்ணு. சேலையெல்லாம் எடுத்து வெச்சாச்சு. முறுக்கு ஒரு டப்பா. சோறு ஆனதும் கெளம்பிறலாம்."

"அவரு கூப்ட்டாராம்மா?"

"மூணு ஞாயித்துக்கெழமையா நாயா அலஞ்சு வாராரு. இன்னும் என்ன பண்ணோணும்ங்கறே?"

"பொட்டிக்கு வாராரு. ரெண்டு தெருவுக்கு இடிக்கற மாதிரி அதுல பாட்டுப் போடுவாரு. அவரு வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வராது."

"ஆம்பளைக்குச் சில பேருக்குப் பேச வராது அம்மணி. நாமதான் அனுசரிச்சுப் போகோணும்."

புவனா வாணலியை இறக்கி வைத்தாள். வைத்த வேகத்தில் நான்கு மிளகு தரையில் சிதறியது.

"அனுசரிச்சுத்தாம்மா போயிட்டிருந்தேன். உனக்கு அதெல்லாம் தெரியாது."

என்ன தெரியாது என்று கேட்டதற்குக் குனிந்து மிளகைப் பொறுக்கினாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த வீட்டில் ஒன்றுக்கு இரண்டு ஊமை வந்து வாய்த்திருக்கிறதே என்று ராசாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கோழிச்சோற்றையும் கொட்டகையிலேயே வாழையிலை போட்டுத் தின்று முடித்தார். நல்லா இருந்துதுங்க அத்தை என்றார். யார் சமைத்தது என்று கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது.

நான்கு பாய் போட்டு வார்த்தது கருங்கல்லாக இறுகிவிட்டது. கிருபா தட்டிப் பார்த்தான். டொக்கு டொக்கென்று நல்ல சத்தம். சூப்பர் மச்சான் என்றான். ஓரத்தில் விரல் கொடுத்து இழுத்தான். அசையவில்லை. மாப்பிள்ளையும் சேர்ந்து இழுத்தார். கார் அசைந்தது. பெட்டி அசையவில்லை.

கிருபா டார்ச் அடித்து ஓரத்தைக் குனிந்து பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து, சாவுச் சேதி சொல்பவனைப் போல நின்றான்.

"மச்சான், டேப்பு சுருண்டு மேல வந்துருச்சு. ரெசின் அடியில எறங்கித் தகரத்தப் புடிச்சுருச்சு."

"எப்பிடி? எண்ணெ தடவுனமல்ல?"

"அதுதான் மச்சான் கேடு. பலாப்பாலுப் பசைய எண்ணெ விட வெச்சுருமல்ல? டேப்புல இருக்கறதும் பசைதானே. அதையும் விட வெச்சுருச்சு."

அருள்குமார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கிக்குள் இறங்கினார்.

பட்டி வைக்கும் தகட்டை நுழைத்தார்கள். வளைந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். பெயிண்ட் பெயர்ந்தது, பெட்டி பெயரவில்லை. கண்ணாடி நார் தூள் பறந்து மாப்பிள்ளையின் முதுகிலும் கையிலும் ஒட்டி அரித்தது. சொறிந்தார். சொறிந்தால் இன்னும் அரித்தது. ராஜா மாதிரி வருகிற மாப்பிள்ளை, கம்பளிப்பூச்சிக் கூட்டத்தில் விழுந்தவராகக் கொட்டகைத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

ராசாத்தாளால் உள்ளே உட்கார முடியவில்லை. வருவாள், பார்ப்பாள், ஏதாவது சொல்வாள், போவாள், மறுபடி வருவாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அது அங்கயே இருந்துட்டுப் போகட்டுமே. பாட்டு கேக்கத்தானே போகுது?"

"ஓட்டை போட்டு, வளையம் வெச்சு, பனியன் துணி இழுத்துக் கட்டி, இன்னும் எத்தனையோ வேல இருக்குதும்மா. வெளிய எடுக்காமச் செய்ய முடியாது" என்றான் கிருபா. "அடியில ஸ்டெப்னி வேற மாட்டிக்கிச்சு. வழியில டயர் பஞ்சரானா அம்போதான்."

"மூணு மணி ஆச்சுங்க மாப்பிள்ளை."

"செரிங்க அத்தை."

"மோர் கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாமுங்க அத்தை."

"முதுகுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெ..."

இதற்கு மகன்தான் முறைத்தான்.

மூன்றரை ஆயிற்று. ராசாத்தாளுக்கு ஒரு யோசனை வந்தது. இட்லி துணியோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்கிறோம்? துணியின் மேல் தண்ணீர் தெளிக்கிறோம், இட்லி தானாக விட்டுக்கொடுக்கிறது. இது எத்தனை பெரிய இட்லி? அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு போசி நிறைய மொண்டுகொண்டு வந்தாள். அருள்குமார் பெட்டியின் ஓரத்துக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் இழுக்கிற நேரத்தில் ஊற்றினால் சுலபமாக வரும் என்று கணக்குப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் பின்னாலிருந்து எட்டி ஊற்றினாள்.

வெந்நீர் அவர் மணிக்கட்டில் பட்டது. கை துள்ளி வழுக்கியது. அறுக்காமல் விட்டிருந்த ஃபைபர் ஓரம் கத்தி மாதிரி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

"அட, சும்மா இரு அத்தை" என்றார் அருள்குமார். "போ அக்கட்ட."

கிருபா கையில் சுத்தியலோடு நின்றான். அடுப்படி ஜன்னலில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

ராசாத்தாளுக்கு முகம் காந்தியது. பெற்றவர்களும் கட்டினவரும் பிள்ளைகளும் தவிர, அவளை ஒருத்தரும் இரு, போ என்று சொன்னதில்லை. அவள் மாமியார்கூடச் சொன்னதில்லை. வாசலில் காய் விற்க வருகிறவன் சொன்னதில்லை. சோறு போட்டு, காப்பி போட்டு, பெண்ணையும் கொடுத்து, கடைசியில் இதைக் கேட்கவா என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாப்பிள்ளையைப் பார்த்தாள். உள்ளங்கை ரத்தத்தை வேட்டியில் அழுத்திக்கொண்டு அவர் வெளிறிப்போய் நின்றார். சொன்னது அவர் காதுக்கு இப்போதுதான் எட்டியிருக்கிறது. வாய் திறந்து மூடியது.

ஒரு நிமிஷம் முன்புவரை ராசாத்தாள் என்ன சொல்வதாக இருந்தாளோ அவளுக்கே தெரியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்தது.

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை. அடிபட்டா ங்க வராதுதான். புவனாவுக்கும் அன்னிக்கு அப்பிடித்தான் வராமப் போயிருச்சு."

அருள்குமார் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

புவனா மஞ்சள்தூளும் பழைய வேட்டிக் கிழிசலும் எடுத்துக்கொண்டு வந்தாள். கையை நீட்டச் சொல்லவில்லை. அவளே பிடித்து இழுத்து, கழுவி, மஞ்சளை அப்பி, கட்டுப் போட்டாள். போட்ட முடிச்சு கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

"அம்மா அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றார் அருள்குமார், கட்டைப் பார்த்தபடி. "நா அப்பவே சொல்லியிருக்கோணும்."

ராசாத்தாளுக்கு உயிர் வந்தது. மாரியாத்தா, கண்ணைத் திறந்தாயே. நாலரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கைகால் கழுவி, சாமி கும்பிட்டு, பெட்டியைத் தூக்கி வைத்தால்...

"அது தப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் புவனா. "தெரிஞ்சவகிட்டயே வந்து சொல்றதுக்கு மூணு மாசமா? யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்டச் சொல்லுங்க."

"போனதும் சொல்றேன்."

"போய்ச் சொல்ல வேண்டாமுங்க. போன் உள்ளயே இருக்குது."

ராசாத்தாளுக்கு மகளின் முதுகில் ஒன்று போடலாம் போலிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாளே, இப்படியும் ஒரு பிடிவாதமா? "கண்ணு, அதெல்லாம் நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, சும்மா இரு."

இன்றைக்கு இரண்டாவது தடவை. சரி, இருக்கிறேன் சாமி என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அருள்குமார் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, கொட்டகையைத் தாண்டி வாசலுக்கு வந்து, செருப்பை விட்டுவிட்டுப் படியேறினார். பிசுக்குப் பிடித்த கையோடு கூடத்திலிருந்த போனை எடுத்தார். ரெசின் பட்டு ரிசீவர் காதோடு ஒட்டிக்கொண்டால் அதற்கு யார் வெந்நீர் ஊற்றுவது என்ற கவலை ராசாத்தாளுக்கு. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நடைக்கதவை ஒட்டி நின்றுகொண்டாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். தப்பு சரி பார்க்க இன்றைக்கு நேரமில்லை.

"அம்மா, நாந்தானுங்க. சாப்ட்டேனுங்க. கோழிதானுங்க. மழையில்லீங்க, காத்துத்தான் அடிக்குது."

போச்சு, கோழியோடும் காற்றோடும் போனை வைத்துவிடுவார் என்று அவள் நினைத்தாள்.

"அம்மா. சித்திரையில ஒறம்பரைக்கு முன்னால நீங்க புவனாவப் பேசுனது தப்புங்க." ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "தொட்டில் கட்டாததுக்கு அவ காரணமில்லீங்க. அவளுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரம்மா போன வருசமே சொல்லிப்போட்டாங்க. என்னையத்தான் வந்து பரிசோதன பண்ணிக்கச் சொன்னாங்க. நாந்தான் போகாம இருந்துபோட்டேன். யாருகிட்டயும் சொல்லவேண்டாம்னு அவகிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

ராசாத்தாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லையே. இந்த மூன்று மாதமும், வாய் தவறிவிட்டது போய் மன்னிப்புக் கேள் என்று தான் நச்சரித்தபோதெல்லாம், இதை வயிற்றுக்குள் போட்டுக்கொண்டுதான் மிளகு வறுத்தாளா? அன்றைக்குக் கூடத்தில் வாயைத் திற என்று அவள் கேட்டது எதற்கென்று ராசாத்தாளுக்கு இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் அவளுக்கு மாப்பிள்ளைமேல் கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக, இத்தனையையும் சொல்லிவிட்டு நிற்கிற அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அடுத்தபடி தன்மேலேயே கோபம் வந்தது. அதுதான் தணிய மறுத்தது.

அருள்குமார் "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்திருக்கவேண்டும். அவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ரிசீவரைப் புவனாவிடம் நீட்டினார்.

"உன்கிட்டப் பேசோணும்ங்கறாங்க."

புவனா வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க அத்தை." நீண்ட இடைவெளி. "செரிங்க." புவனாவின் கை, போன் வயரைப் பிடித்து முறுக்கியது. "அது எனக்குத் தெரியாதுங்க." முறுக்கின வயரைப் பிரித்துவிட்டாள். "செரிங்க அத்தை. வாரமுங்க."

வைத்துவிட்டாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"என்ன கண்ணு சொன்னாங்க?"

"கெளம்பி வரச் சொன்னாங்க."

"அதுக்கா இத்தன நேரம்?"

"அவரு சொன்னது ஒறம்பரைக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதைப் பற்றி மேலே கேட்க நேரமில்லை. கடிகாரம் நாலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ராசாத்தாள் கொட்டகைக்கு ஓடினாள். கிருபா டிக்கியை இறக்கிவிட்டு, சுத்தியல் அடியில் பூட்டு நெளிந்து அது மூடாததால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் தானே வெள்ளகோவில் வந்து அறுத்து எடுத்துவிடுவதாக மாப்பிள்ளைக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தான். பின் சீட்டில் ஊஃபரைப் போர்வை சுற்றி, பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்தியிருந்தான். பக்கத்தில் அது இது என்று இரண்டு அட்டைப்பெட்டி.

"அக்கா பொட்டிய எங்கடா வெக்கறது? அந்தக் கெரகத்த எறக்கி இங்கயே வெய்யி."

"வேண்டாம்மா" என்றாள் புவனா. முகம் கழுவி, பொட்டு வைத்து, கையில் ஒரு துணிக்கடைப் பையோடு பின்னால் வந்து நின்றாள். "ஆசையா வாங்குனாரு, போகட்டும். ரெண்டு சேல எடுத்துக்கிட்டேன். இப்போதைக்குப் போதும்."

ராசாத்தாளுக்கு வாதாட நேரமில்லை. குங்குமம் வைத்துவிட்டாள். முறுக்கு டப்பாவை மடியில் திணித்தாள். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையைத் தயங்கித் தயங்கிக் கூப்பி, "அத்தை, கொட்டகையில நா..." என்று ஆரம்பித்தார். "போய்ட்டு வாங்க, வெரசாப் போங்க, ராகுகாலம் வந்துரும்" என்று அவரை ஏற்றி அனுப்பினாள். கயிறு கட்டின டிக்கி தடதடவென்று ஆட, கார் தெருமுனையில் திரும்பியது. மணி நாலு இருபது.

அப்பாடா என்று கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோலிருந்தது. வீடு முழுக்க ரெசின் வாடை. மகள் விட்டுப்போன பெட்டியை இரண்டு நாளில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று எழுந்து அறைக்குப் போனாள். கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

பீரோவைத் திறந்தாள். நேற்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கின சேலைகள் எல்லாம், மூன்று மாதமாக எந்தத் தட்டில் இருந்தனவோ அதே தட்டில், மடிப்புக் கலையாமல் திரும்பவும் இருந்தன. ரவிக்கைகள் தனியாக. நல்ல பட்டுச் சேலை அடியில், வேட்டித் துணி சுற்றி. அவசரத்தில் போட்டது மாதிரி இல்லை.

கூடத்தில் போன் அடித்தது. எடுத்தால் சத்தியமங்கலத்திலிருந்து செங்கோடன். காரியம் எல்லாம் முடிந்தபிறகு அவருக்கு நன்றாக மூக்கில் வியர்க்கும்.

"என்ன, புள்ளைய அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சுங்க. நாலரைக்குள்ளயே போயிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. சாமானெல்லாம் எடுத்துட்டுப் போச்சல்ல?"

திறந்திருந்த அறைக்கதவு வழியாகப் பீரோ தெரிந்தது. ராசாத்தாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க" என்றாள். "வண்டியில எடமில்லீங்க."